சறுக்குத் தொட்டி

ஆகஸ்ட் 6

சிமெண்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக வெள்ளையாகவே கிடந்தது. எழுத வேலை இருந்தால்தானே? இந்த வருடம் ஒரு செப்டிக் டேங்க், இரண்டு குளியலறைத் தரை, ஒரு கோழிக்கூண்டு. அதையெல்லாம் டைரியில் எழுதினால் கோழியே சிரிக்கும். மாடி வேலை எதையும் நான் இப்போது எடுப்பதில்லை. முட்டிவலி.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஜொவிட்டா, என் தம்பி இன்னாசியின் மகள். இருபத்திரண்டு வயது. சென்னையில் படித்துவிட்டு இந்தச் சங்குமுனைக்கே திரும்பி வந்து நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு பலகை, அடியில் நான்கு சக்கரம், மேலே ஒரு பிள்ளை. பிரேக் எங்கே என்று கேட்டால், "காலுதான் பிரேக்கு" என்கிறாள்.

உப்பளச் சாலையைத் தவிர ஊரில் வேறு வழவழப்பான தரை இல்லை. அந்தச் சாலையில்தான் உப்பு லாரிகள் போகின்றன. போன மாதம் ஒரு பலகை லாரிக்கு அடியில் போய் நொறுங்கியது. நல்லவேளை, பலகை மேல் ஆள் இல்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு இன்று அவள் என் வீட்டுப் படி ஏறினாள்.

"பெரியப்பா, ஒரு தொட்டி கெட்டித் தரணும்."

"எத்தனை ஆயிரம் லிட்டரு?"

"தண்ணிக்கு இல்ல பெரியப்பா. புள்ளைக சறுக்கி வெளையாடுததுக்கு."

ஒரு காகிதத்தை விரித்தாள். வட்டமான தொட்டி. ஆறடி ஆழம். சுவர் நேராக நிற்காமல் தரையிலிருந்து வளைந்து வளைந்து மேலே போகிறது, விளிம்பில் சுற்றிலும் இரும்புக் குழாய். முப்பது வருடத்தில் நாற்பது செப்டிக் டேங்க் கட்டியிருக்கிறேன், எதற்குள்ளும் யாரும் ஆசையாக இறங்கியதில்லை.

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலைப் பேரூராட்சி கொடுத்திருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. அக்டோபர் பத்தாம் தேதி செயல் அலுவலர் வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த இடம் லாரி நிறுத்தத்துக்குப் போய்விடும், பிள்ளைகள் திரும்பவும் சாலைக்கு வருவார்கள்.

இன்னாசி என்ன சொல்கிறான் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 7

முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன்.

ஆகஸ்ட் 9

முடியாது என்று சொல்வதற்கு முன் இடத்தைப் பார்ப்பதில் தப்பில்லை என்று போனேன்.

மதியம் மூன்று மணி. பொட்டலின் மூன்று பக்கமும் உப்பளம். வெயிலில் உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதந்தன. கானல். தூரத்துச் சாலையில் பிள்ளைகள் பலகையில் போனார்கள். கானலில் கால்கள் கரைந்து, இடுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் மட்டும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தெரிந்தது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பியபோது சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது.

ஜொவிட்டாவிடம் சரி என்று சொன்னேன். தரையோடு செய்கிற வேலைதானே, மேலே ஏற வேண்டியதில்லையே என்று என் மனைவி லூர்திடம் விளக்கினேன்.

"ஏறுனாத்தான் முட்டி வலிக்கும், இல்லியா?" என்றாள். அவள் கேட்கிற விதம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஆகஸ்ட் 14

பணத்துக்கு ஜொவிட்டா பிடித்த வழி வேடிக்கையானது. கம்பிக்கும் ஜல்லிக்கும் கப்பலில் வேலை பார்க்கும் நம்மூர் ஆட்களையும் தன் கல்லூரித் தோழிகளையும் பிடித்துவிட்டாள். சிமெண்டுக்கு மட்டும் வீடு வீடாக ஏறுகிறாள். காசு வேண்டாம், வீடு கட்டினபோது மிஞ்சிய சிமெண்ட் இருந்தால் கொடுங்கள் என்கிறாள். வீடு கட்டிய எவன் வீட்டில்தான் மாடிப்படிக்கு அடியில் அரை மூட்டை கிடக்காது?

நான் தள்ளுவண்டியோடு கூடப் போனேன். வந்து சேர்ந்தவை: அரை மூட்டை, கால் மூட்டை, ஒரு பக்கெட், ஒரு குக்கர் நிறைய. நான்கு மூட்டை காற்றில் இறுகிக் கல்லாகியிருந்தன. அதில் ஒன்றைக் கொடுத்த அம்மாவிடம், "இத வச்சு அம்மிதான் கொத்தலாம்" என்றேன். "அப்ப கொத்திட்டு அம்மிய இங்கயே குடுத்துட்டுப் போங்க" என்றாள். நூற்றுப் பதினெட்டு வீடு கொடுத்திருக்கிறது. இந்தக் கலவையை எல்லாம் அடித்தளத்துக்குப் போட வேண்டும். மேல்பூச்சுக்குப் புதுச் சிமெண்ட்தான்.

தெற்குத் தெருவுக்கு மட்டும் நான் போகவில்லை. அங்கே ஒரு நாய் இருக்கிறது. ஜொவிட்டா தனியே போய் வந்தாள். அந்தத் தெருவிலிருந்து வந்ததில் ஒரு முழு மூட்டை, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, வாயைச் சணல் கயிற்றால் கட்டி, ஒரு பொட்டுக் கட்டி இல்லாமல் மாவாக இருந்தது. அந்த வாய்க்கட்டைப் பார்த்ததுமே யார் வீட்டு மூட்டை என்று தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தனியாக எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 22

தோண்டினோம். மூன்றே அடியில் உப்புத் தண்ணீர். கடற்கரையில் ஆறடி தோண்டுவேன் என்று படம் போட்டுக் கொடுத்த புத்திசாலி எவனோ. மூன்றடி கீழே, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் அணைத்து இடித்து இறுக்கி மூன்றடி மேலே என்று மாற்றினேன். ஜொவிட்டா கை தட்டினாள். எனக்கு வேலையில் கைதட்டல் வாங்கிப் பழக்கமில்லை, அதனால் சும்மா இருக்காமல் சித்தாள் முத்துக்கனியைத் திட்டினேன்.

ஆகஸ்ட் 30

வளைவுக்குப் பிளைவுட்டில் அச்சு வெட்டினோம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் இந்த வேலையில் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. நேராக இருப்பதுதான் ஒழுங்கு என்று முப்பது வருடம் இருந்த கைக்கு, வளைவது கூச்சமாக இருக்கிறது.

மதியம் நிழலில் கண்ணயர்ந்தேன். கனவில் ஊரே இப்படி வளைந்திருந்தது. தெருக்கள் எல்லாம் வளைந்து மேலே போய்த் திரும்பி வந்தன. சைக்கிள்காரர், மீன்காரி, பாதிரியார் எல்லோரும் மிதிக்காமல் நடக்காமல் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் விழவில்லை. எழுந்தபோது மனசு லேசாக இருந்தது.

செப்டம்பர் 6

கான்கிரீட் முடிந்து நான்கு நாள். ஈரம் காயக் கூடாது என்று சரிவு முழுக்கச் சாக்கை நனைத்துப் போட்டு, அடியில் தண்ணீர் கட்டியிருக்கிறேன். காற்று நின்ற வேளைகளில் முழு வானமும் தொட்டிக்குள் இறங்கிக் கிடக்கிறது. தட்டான்கள் வருகின்றன. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து விளிம்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்று ஒரு குட்டிப் பெண், "இதுல மேகம் போவுது, நாங்களும் இப்படித்தான போவோம்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு விளிம்பை விட்டுத் தள்ளி உட்காரச் சொன்னேன்.

"மேல்பூச்சு கண்ணாடி கணக்கா இருக்கணும் பெரியப்பா" என்று ஜொவிட்டா இன்றும் சொன்னாள். மூன்றாவது தடவை.

செப்டம்பர் 11

சாலையில் ஜொவிட்டா பிள்ளைகளுக்கு ஏதோ தாவல் காட்டினாள். பலகை ஒரு பக்கம் போக அவள் ஒரு பக்கம் விழுந்தாள். நான் இருபதடி தள்ளி நின்றிருந்தேன். பெரிய அடி இல்லை. முழங்கையில் தோல் போயிருந்தது. தானே எழுந்து தட்டிவிட்டுச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

விழுகிற சத்தம் மட்டும் எல்லா உடம்புக்கும் ஒன்றுதான்.

வீட்டில் சாப்பிடவில்லை. மீன் கெட்டுப்போயிருந்தது. லூர்து அதையே தின்றுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

செப்டம்பர் 17

இன்று மேல்பூச்சு. ஆறு கொத்தனார், பத்துச் சித்தாள். விடிய ஐந்தரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடித்தோம். தனியாக எடுத்து வைத்திருந்த மூட்டையையும் இன்றுதான் பிரித்தேன். ஜொவிட்டா இல்லை. தோழிகள் வாங்கி வைத்திருக்கும் ஹெல்மெட்டுகளை எடுத்து வரச் சென்னைக்குப் போயிருக்கிறாள்.

சரிவு முழுக்கச் சாண் அளவுக்குக் கட்டம் கட்டமாகக் கயிறு அழுத்திக் கோடு போட்டுவிட்டோம். வண்டி ஏறும் சாய்தளம், கழுவும் இடம், மாட்டுக் கொட்டகை எதுவானாலும் ஈரச் சிமெண்டில் கயிற்றை அழுத்திக் கோடு போட்டால்தான் கால் வழுக்காது. நான் கயிற்றை எடுத்ததும் மற்ற ஐந்து பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆளுக்கொரு கயிற்றை எடுத்தார்கள். அடித்தரையில் மட்டும் போடவில்லை. சரிவில்தானே விழுவார்கள்.

சாயங்கால வெயிலில் கோடுகள் எல்லாம் நிழல் விட்டு, பெரிய வலை ஒன்றைத் தொட்டிக்குள் விரித்த மாதிரி இருந்தது. அழகு. நிம்மதியாக இருக்கிறது.

ஜொவிட்டா பூச்சைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தாள். சரியாக நினைவில்லை.

செப்டம்பர் 19

காலை பஸ்ஸில் வந்தாள். கோணிப்பை நிறைய ஹெல்மெட். நேரே பொட்டலுக்கு வந்து சாக்கை விலக்கிப் பார்த்தாள். நான் பாராட்டுக்காக நின்றேன்.

ஒரு கோட்டை விரலால் தடவினாள். அடுத்த கோட்டை. சாக்கை இன்னும் விலக்கினாள். இன்னும்.

"என்ன பெரியப்பா இது?"

"வழுக்காம இருக்கதுக்கு."

"வழுக்குததுக்குத்தான பெரியப்பா இதயே கெட்டச் சொன்னேன்!"

பலகையை எடுத்து மேலிருந்து வெறுமனே உருட்டிவிட்டாள். கோடுகளில் தடதடவென்று அதிர்ந்து, பாதிச் சரிவில் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. சக்கரங்கள் கொஞ்ச நேரம் காற்றில் சுற்றின.

"மூணு தடவ சொன்னேன். சரின்னியளே."

"புள்ளைக விழுந்துரும்ட்டீ."

"விழுந்தா எந்திப்பாவ. விழாம இருக்கணும்னா வீட்டுக்குள்ளயே கெடக்கலாம், நீங்க கெடக்கிய பாருங்க, அந்த மாதிரி."

என்னை இப்படி யாரும் பேசியதில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்தாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம்தான். உடைத்துப் பூசக் காசும் இல்லை, நாளும் இல்லை. அவள் விளிம்பில் உட்கார்ந்து முழங்கால் மேல் தலையை வைத்துக்கொண்டாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"இதச் சரி பண்ணத் தெரிஞ்சது எங்கப்பா ஒருத்தருதான். நான் கூப்பிட்டா வர மாட்டாவ. நீங்க வந்து கூப்பிடணும்."

"அந்தத் தெருவுல நாயி…"

"எங்க தெருவுல நாயே கெடையாது பெரியப்பா."

செப்டம்பர் 20

முட்டிவலி. படுத்திருந்தேன்.

செப்டம்பர் 21

நினைவிருந்தது. கண்ணாடி மாதிரி என்று அவள் மூன்று தடவை சொன்னதும் நினைவிருந்தது, கயிற்றைக் கையில் எடுத்தபோதும் நினைவிருந்தது. முட்டியிலும் ஒரு வலியும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்பைப் பூசினோம். சாரம் கட்டியது நான். மேல்தட்டில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தான் இன்னாசி. இந்த வட்டாரத்தில் அவன் அளவுக்குத் தேய்க்கிற கை கிடையாது, அவன் தேய்த்த சுவரில் முகம் பார்க்கலாம். நான் கீழே நின்று அவனிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தேன். இடது பக்க முடிச்சு அவிழ்ந்தது. இடுப்பெலும்பு. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தான்.

நான் போகவில்லை. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன்.

இன்று தெற்குத் தெருவுக்குப் போனேன். தெருவில் இரண்டு ஆடு மட்டும் நின்றன. இன்னாசி நாற்காலியில் உட்கார்ந்து உப்புப் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. ஒரே ஊரில் இருந்துகொண்டு தம்பி நரைத்தது எனக்குத் தெரியவில்லை.

"வா" என்றான். "கோடு போட்டுட்டியாமே."

"ஆமா."

"எம்புட்டு ஆழம்?"

"அரைக்கால் இஞ்சு இருக்கும்."

"அடைச்சா பேந்துட்டு வந்துரும். பூசுனது எளசாத்தான் இருக்கு, தேய்ச்சே எடுத்துரலாம். மொசைக் தரைக்குத் தேய்ப்போம்லா, அந்தக் கல்லு. தண்ணி ஊத்தி ஊத்தித் தேய்க்கணும்."

நேற்றுச் சாயங்காலம் பேசி நிறுத்திய பேச்சைத் தொடர்வது போலப் பேசினான். என்னால் அது முடியவில்லை.

"இன்னாசி, அந்த முடிச்சு…"

"ஒன் முடிச்சுதான் அவுந்துச்சு. அதுல என்ன சந்தேகம்? அதயா நான் கேட்டேன்? நாப்பது நாளு அந்த வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்ணே. மதினி வந்தா. ஊருல உள்ளவன் பூரா வந்தான். நீ வரல."

அழுதேன். அவன் பாக்கெட் ஒட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் பத்துப் பதினைந்து பாக்கெட்டைக் கோணலாக ஒட்டினான்.

பிறகு, "வந்து என்ன செய்ய?" என்றான். "என்னால குத்த வைக்க முடியாது. நின்னாலும் அரைமணி நேரந்தான். எப்படித் தேய்க்க?"

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜொவிட்டா தன் பலகையைக் காலால் தள்ளிவிட்டாள். அது உருண்டு வந்து அவன் நாற்காலியை முட்டி நின்றது.

செப்டம்பர் 24

இன்னாசி பலகையில் உட்கார்ந்து தொட்டியின் அடித்தரையில் சுற்றி வருகிறான். ஒரு கையால் தரையைத் தள்ளுகிறான், மறு கையால் சரிவைத் தேய்க்கிறான். முதல் நாள் இரண்டு தடவை கவிழ்ந்தான். ஓடிப் போய்த் தூக்க இறங்கினேன். "அங்கனயே நில்லு" என்றான்.

ஒரு கட்டம் தேய்க்க ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. மொத்தம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கட்டம். நான் கயிறு அழுத்தியபோது எண்ணிப் பார்க்கவில்லை, இப்போது ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 26

சிமெண்ட் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஜொவிட்டா போய் வந்தாள். வீட்டுக்குப் பத்துக் கட்டம். என் கோடுகளே பங்கு பிரிக்க வாகாகிவிட்டன. அவரவர் பத்துக் கட்டத்தின் மூலையில் கரித்துண்டால் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

ஊர் இறங்கிவிட்டது. காலையில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் போகும் வழியில் ஒரு கட்டம், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள், மதியத்தில் பெண்கள். "என் கட்டத்துல ஏன் கைய வைக்க?" என்று இரண்டு பேருக்குள் சண்டை. கல்லாகிப்போன மூட்டை கொடுத்த அம்மாவும் வந்து, "அம்மி எங்க?" என்று கேட்டுவிட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.

பிற்பகலில் பேச்செல்லாம் ஓய்ந்து, ஐம்பது அறுபது கல் ஒன்றாகத் தேய்கிற சத்தம் மட்டும் இருக்கும். ஒரே சீராக, தூங்க வைக்கிற மாதிரி. வெள்ளைப் பால் சரிவில் வழிந்து அடியில் சேரும். அதன் நடுவே இன்னாசி மெதுவாக உருண்டு வருவான். தேய்த்து முடித்த கட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவான். சரி என்றால் அடுத்த கட்டத்துக்குப் போவான். சரியில்லை என்றால் தண்ணீர் ஊற்றுவான். அவர்கள் மறுபடி தேய்ப்பார்கள். நான் விளிம்பில் இருந்து தண்ணீர்க் குடம் எடுத்துக் கொடுக்கிறேன்.

அக்டோபர் 2

கீழ்ப்பாதி முடிந்தது. விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, மேல் இரண்டு வரிசையையும் முடித்துவிட்டோம். நடு வளையம் நிற்கிறது. கீழே நின்று எட்டவில்லை, மேலிருந்தும் எட்டவில்லை. தேய்த்த இடத்தில் கால் வைத்தால் வழுக்குகிறது. வழுக்குகிறது என்று முத்துக்கனி குறை சொன்னபோது ஜொவிட்டா அவளைக் கட்டிக்கொண்டாள்.

வடகிழக்கில் மேகம்.

அக்டோபர் 4

ஏணி சாய்க்கலாம் என்றேன். கீறல் விழும் என்று இன்னாசி மறுத்துவிட்டான். பலகையில் குப்புறப் படுத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலிருந்து இறக்கிவிட்டால் போதும், தேய்த்துக்கொண்டே போகலாம் என்றான்.

"நான் கெட்டுதேன்ப்பா" என்று ஜொவிட்டா கயிற்றை எடுத்தாள்.

"ஒனக்குத் தெரியாது. அண்ணன் கெட்டட்டும்."

எல்லோரும் கல்லை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றியது, நிஜத்தில் நிறுத்தினார்களா என்று தெரியாது. கயிற்றை முழுவதும் விரித்து, ஒவ்வொரு முழமாகக் கையால் உருவிப் பார்த்தேன். அவன் இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். அதன் மேல் இன்னொன்று. மறுமுனையை விளிம்பின் இரும்புக் குழாயில் சுற்றி மூன்று முடிச்சு. அதற்கு மேலும் கயிற்றை என் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"எண்ணே, நான் கெணத்துக்குள்ள எறங்கல" என்றான் இன்னாசி.

"ஏல, வாய மூடிட்டு எறங்கு."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனை 'ஏல' போட்டுப் பேசியிருக்கிறேன். அவன் சிரித்த சிரிப்பு, பலகை வழியாகக் கயிற்றில் ஏறி என் கைக்கு வந்தது.

மாலை வரை இறக்கி, நகர்த்தி, ஏற்றி, மறுபடி இறக்கினேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டன. லூர்து எண்ணெய் தடவிவிட்டாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 7

கடைசிக் கட்டம் மதியம் பன்னிரண்டரைக்கு. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மழைநீர் சரிவில் ஓரிடத்திலும் தயங்காமல் இறங்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றோம்.

அக்டோபர் 10

அடியில் தேங்கிய மழைநீரை இறைத்துத் துடைத்து முடித்தோம். செயல் அலுவலர் பத்து மணிக்கு வந்தார். பேண்டை மடித்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடித்தரையில் இறங்கினார். சரிவில் ஒரு கால் வைத்துப் பார்த்தார், வழுக்கி உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவரே முதலில் சிரித்தார். உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு பிள்ளைகள் இறங்கினார்கள். ஒவ்வொருத்தியாக, ஒவ்வொருத்தனாக. விளிம்பிலிருந்து இறங்கி, அடித்தரையில் மிதந்து, எதிர்ச் சரிவில் ஏறி, உச்சியில் ஒரு கணம் எடையே இல்லாமல் நின்று, திரும்பி வந்தார்கள். மேகத்தைப் பற்றிக் கேட்ட குட்டிப் பெண் நான்கு தடவை விழுந்தாள். நான்கு தடவையும் என் உடம்பு தூக்கிப் போட்டது. ஐந்தாவது தடவை போய்த் திரும்பி வந்தாள். நான் கண்ணை மூடாமல் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இன்னாசி விளிம்பில் பலகையைப் போட்டு உட்கார்ந்தான். ஜொவிட்டாவின் ஹெல்மெட் தலையில்.

"எண்ணே, கயித்தக் கெட்டு."

"வேல முடிஞ்சிட்டுல்லா?"

"கெட்டு."

கட்டினேன். இரண்டு முடிச்சு. குழாயில் கட்ட வேண்டாம், கையில் பிடித்தால் போதும் என்றான். பிடித்துக்கொண்டு, அடிமேல் அடியாகக் கயிற்றைத் தளர்த்தினேன். கால் பங்குச் சரிவு இறங்கியதும், "நில்லு" என்றான். நிறுத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தேய்த்தது. அதில் சாயங்கால வெயில் விழுந்திருந்தது.

"இப்ப விடு."

"ஏல…"

"விடுண்ணே."

ஜொவிட்டாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், ஆனால் வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. புண் இன்னும் ஆறாத உள்ளங்கை. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் திறக்க முடிந்தது.

விட்டேன்.

கயிறு வால் மாதிரி பின்னால் ஓட, என் தம்பி இறங்கினான். சத்தமே இல்லை. கோடு இல்லாத சிமெண்டில் சக்கரத்துக்குச் சத்தம் கிடையாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடித்தரையைக் கடந்தான், எதிர்ச் சரிவில் ஏறினான், பாதியில் நின்று, பின்பக்கமாகவே இறங்கி என் பக்கம் ஏறினான், மறுபடி அங்கே, மறுபடி இங்கே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் தொட்டியின் நடுவில் வந்து தானாக நின்றான். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

நான் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி அவனிடம் இறங்கினேன். வேட்டி கிழிந்தது. அவன் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தேன்.